முதல் நாய்: இனத்தின் புகழன்று, இல்லத்தின் நிலையே அளவுகோல்

நோய் தணிந்து வீடு திரும்புவோருள் சிலர், தனிமைக்குத் துணையாக ஒரு நாய் வளர்க்க விரும்புவர். நல்ல விருப்பமே. ஆயினும், முதன்முறை வளர்ப்போர் இனத்தின் புகழையும் அழகையும் கண்டு தேர்ந்தெடுத்தல் தவறென்பது என் கருத்து. இல்லத்தில் இருப்போரின் உடல்நிலையே முதல் அளவுகோலாதல் வேண்டும்.

சைபீரியன் ஹஸ்கி, பனிநிலத்தில் வண்டி இழுத்துப் பழகிய இனம். சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள நம் நோணாங்குப்பத்தின் வெக்கையும் புழுக்கமும் அதன் அடர்ந்த உரோமத்திற்கு ஒவ்வா. தட்டை மூக்குடைய பக் கோடையில் மூச்சுவிடத் திணறும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மண்ணுக்குரியவை. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையும் வெளியாயிற்று. எனினும் அவை வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை; நாள்தோறும் ஓடியாக வேண்டும். மூட்டு அறுவை செய்துகொண்டவர் அவற்றின் சங்கிலியைப் பிடித்து நடக்க இயலுமா?

ஆகவே, குணம் அறியப்பட்ட, வளர்ந்த, சாதுவான நாட்டு நாயைத் தத்தெடுப்பதே பலருக்கும் பொருந்தும். குட்டிக்குரிய கடியும் துள்ளலும் அதனிடம் குறைவு.

எந்த இனமாயினும் அதற்கு வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி இன்றியமையாதது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்குச் சிறு கீறலிலும் நெடுநேரம் குருதி கசியும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். கடியோ கீறலோ நேர்ந்தால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

நாய் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். நாம் மீண்டும் படுக்கையில் விழும் நாளில் அதற்குச் சோறிடுபவர் யார்? அதற்கு விடை கிடைத்த பின்னரே அதனை வீட்டிற்கு அழைத்து வருவோம்.