வட்ட மவுஸும் வலித்த விரல்களும்



கணினி வகுப்பில் சேர்ந்த முதல் நாளிலேயே கையில் தரப்படும் கருவி மவுஸ். தமிழில் சுட்டி என்று எழுதுகிறோம். ஆனாலும் பேச்சில் மவுஸ் என்றே பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். புதிதாகப் பழகுபவர்களிடம் நான் அதிகம் கேட்டிருக்கும் வார்த்தைகள், "அம்புக்குறி ஓடிவிடுகிறது", "விரல் நோகிறது", "எனக்கு மூளை காணாது போல" என்பவைதான். கருவி கைக்குச் சரிவராவிட்டால் உடனே நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம். அந்த எண்ணம் பிழையானது என்பதை விளங்கப்படுத்த, உலகப் புகழ்பெற்ற ஒரு கொம்பனி செய்த மவுஸின் கதையை இம்மாதம் சொல்கிறேன்.

மரக்கட்டையில் தொடங்கியது

மவுஸை முதலில் சிந்தித்தவர் அமெரிக்கரான டக்ளஸ் ஏங்கல்பார்ட். கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1964ஆம் ஆண்டளவில் அவருடைய சக ஊழியரான பில் இங்கிலிஷ் அதன் முதல் மாதிரியைச் செய்தார். அது ஒரு சிறிய மரப்பெட்டி. அடியில் இரண்டு உலோகச் சில்லுகள், மேலே ஒரேயொரு பொத்தான். பின்னால் நீண்ட வயர் எலியின் வாலைப் போல இருந்ததால் மவுஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஏங்கல்பார்ட் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்.

அந்தக் குழுவினர் மவுஸை மட்டும் செய்து பார்க்கவில்லை. திரையைத் தொடும் ஒளிப்பேனா, கைபிடித் தண்டு, மேசையின் கீழே முழங்காலால் அசைக்கும் ஒரு கருவி என்று பலவற்றையும் ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அதன் முடிவுகள் 1967இல் வெளியாயின. பழகியவர்களுக்கு மவுஸே சிறப்பாக இருந்தது. புதியவர்களோ ஒளிப்பேனாவிலும் முழங்கால் கருவியிலும் மவுஸைவிட நன்றாகச் செய்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் என்பது பிறந்த நாளிலிருந்தே பழகிய பிறகுதான் இலகுவாகும் கருவி. முதல் வாரத்தில் கை தடுமாறுவது எவருக்கும் நடப்பது.

1998இல் வந்த வட்ட மவுஸ்

1998 ஓகஸ்ட் மாதத்தில் அப்பிள் கொம்பனி ஐமாக் என்ற கணினியை விற்பனைக்கு விட்டது. அந்தக் காலத்துக் கணினிகள் பெரும்பாலும் வெளிறிய சாம்பல் பெட்டிகளாக இருந்தன. ஐமாக்கோ உள்ளே இருப்பது தெரியும் நீலப்பச்சைப் பிளாஸ்டிக்கில் அழகாக இருந்தது. சனங்கள் விரும்பி வாங்கினார்கள். அதனோடு வந்த மவுஸும் அதே நிறத்தில், சரி வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருந்தது. பனிக்கட்டியின் மேல் விளையாடும் ஹொக்கியில் அடிக்கப்படும் தட்டையான வட்டுக்கு 'பக்' என்று பெயர். மவுஸ் அந்த வடிவில் இருந்ததால் 'ஹொக்கி பக்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

கணினியைப் புகழ்ந்தவர்களில் பலர் மவுஸைத் திட்டினார்கள். காரணம் இல்லாமல் அல்ல.

முதலாவது, வட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. மவுஸ் தன்னுடைய உடலை வைத்தே திசையை அளக்கிறது. மவுஸ் சற்றுத் திரும்பி இருந்தால், நீங்கள் கையை நேரே மேலே தள்ளினாலும் திரையில் அம்புக்குறி சரிவாகப் போகும். நீள்வட்டமான மவுஸ் என்றால் உள்ளங்கை பட்டதுமே அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கை அறிந்துவிடும். கண் திரையிலேயே இருக்கலாம். வட்ட மவுஸில் அது முடியாது. ஒவ்வொரு தடவையும் குனிந்து, வயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும்.

இரண்டாவது, அது மிகச் சிறியது. கையை அதன்மேல் ஆறுதலாக வைக்க முடியாது. விரல் நுனிகளால் கிள்ளிப் பிடித்தபடியே வேலை செய்ய வேண்டும். அப்படி நெடுநேரம் பிடித்தால் விரல்கள் பிடித்துக்கொள்ளும், மணிக்கட்டும் நோகும்.

மூன்றாவது, வயர் குறுகியது. கீபோர்டின் இரண்டு பக்கத்திலும் துளைகள் இருந்ததால் அங்கே செருகினால் போதும் என்று எண்ணிச் செய்திருந்தார்கள். வேறு விதமாக மேசையை ஒழுங்குபடுத்தியவர்களுக்கு அது போதவில்லை.

அதை விரும்பியவர்களும் இருந்தார்கள். சிறிய கை உள்ளவர்களுக்கும், விரல் நுனியால் மட்டும் அசைத்துப் பழகியவர்களுக்கும் அது பெரிய தொல்லை தரவில்லை. இதுவும் கவனிக்க வேண்டிய விடயம். ஒருவருடைய கைக்கு வசதியானது இன்னொருவருக்கு வலியாக இருக்கலாம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கையைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. வேறு மவுஸ் வாங்கிப் பூட்டினார்கள். வட்ட மவுஸின் மேல் மாட்டி அதை நீளமாக்கும் பிளாஸ்டிக் கூடுகளை வேறு கொம்பனிகள் செய்து விற்றன. விரலால் தடவிப் பார்த்து முன்பக்கத்தை அறிவதற்காக அப்பிள் கொம்பனியே பின்னர் பொத்தானில் ஒரு சிறு குழியை வைத்தது. அதுவும் போதவில்லை. 2000 யூலையில் நீள்வட்ட வடிவில் புதிய மவுஸ் ஒன்றை அறிமுகப்படுத்தி வட்ட மவுஸை ஒதுக்கிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் அதன் கதை முடிந்தது.

எத்தனை பணமும் படித்த வடிவமைப்பாளர்களும் இருந்த கொம்பனி அது! அங்கேயே பிழை நடந்தது. பாவித்தவர்கள் "கை நோகிறது" என்று வாய்திறந்து சொன்னதால்தான் அது திருந்தியது.

பிறகும் பிழைகள் நின்றுவிடவில்லை

2005இல் அதே கொம்பனி மைட்டி மவுஸ் என்று ஒன்றை வெளியிட்டது. மேலே தனித்தனிப் பொத்தான் தெரியாது. எந்த விரல் படுகிறது என்பதை உள்ளே இருக்கும் உணரி அறிந்துகொள்ளும். வலது கிளிக் செய்ய வேண்டுமானால் இடப்பக்க விரலை மேலே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் இடது கிளிக் என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்தை உருட்டுவதற்கு ஒரு குட்டிக் குண்டு வைத்திருந்தார்கள். அதற்குள் அழுக்குப் புகுந்து இறுகிவிடும். திறந்து துடைக்கவும் வழி இல்லை. அதுவும் முறைப்பாட்டுக்கு உள்ளாயிற்று.

2015இல் வயர் இல்லாத மெஜிக் மவுஸ் 2 வந்தது. அதற்கு மின்னேற்றும் துளையை அடிப்பக்கத்தில் வைத்தார்கள். மின்னேற்றும்போது மவுஸ் மல்லாந்து கிடக்கும். வேலை செய்ய முடியாது. இரண்டு நிமிடம் மின்னேற்றினால் ஒன்பது மணித்தியாலம் பாவிக்கலாம் என்பது கொம்பனியின் விளக்கம். ஆனாலும் கேலி ஓயவில்லை. 2024இல் துளையின் வகையை மாற்றியபோதும் இடத்தை மாற்றவில்லை.

இவற்றையெல்லாம் சொல்வது ஒரு கொம்பனியைக் குறைகூற அல்ல. பார்க்க அழகான பொருள் வேறு, கைக்கு உதவும் பொருள் வேறு என்பதைக் காட்டத்தான்.

நமது கைகளும் ஒரே மாதிரி இல்லை

கடைகளில் கிடைக்கும் மவுஸ்களில் பல, பத்து விரலும் சரியாக உள்ள, வலது கைப் பழக்கமுள்ள ஒருவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்மில் எத்தனை பேருடைய கை அப்படி இருக்கிறது? எறிகணை பட்டு விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். தோளில் இரும்புத் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்தும் கல் சுமந்தும் மணிக்கட்டு தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் கணினி சொல்லிக்கொடுக்கப் போயிருந்த ஒரு பயிற்சி நிலையத்தில், வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாத ஒரு தங்கச்சி படித்தா. மவுஸை வலப்பக்கத்தில்தான் வைக்க வேண்டும், எல்லாரும் அப்படித்தான் பழகுகிறார்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அவ பெருவிரலால் அமத்திப் பார்ப்பா. அமத்தும்போது மவுஸ் விலகிவிடும். "என்ர கைக்கு இது சரிவராது அக்கா, நான் நாளையில இருந்து வரேல்லை" என்றா.

மவுஸை இடப்பக்கம் மாற்றினோம். வயர் எட்டவில்லை; கணினிப் பெட்டியைத் தூக்கி மேசையின் மறுபக்கம் வைத்தோம். பொத்தான்களையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். முதல் சில நாட்கள் இடது கையும் முரண்டு பிடித்தது. பிறகு படிந்துவிட்டது. பாடநெறி முடியும்போது மற்றவர்களைப் போலவே கடிதம் தயாரித்து அச்செடுத்தா. மாற்றப்பட்டது மேசையின் ஒழுங்கு மட்டுந்தான். அது நடந்திருக்காவிட்டால் ஒரு சான்றிதழும் அதனால் கிடைக்கக்கூடிய வேலையும் போயிருக்கும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடியவை

விண்டோஸ் உள்ள கணினியில் கீழே ஸ்டார்ட் பொத்தானை அமத்தி, ஆங்கிலத்தில் மவுஸ் என்று தட்டச்சுச் செய்யுங்கள். மவுஸ் செட்டிங்ஸ் என்ற பகுதி வரும். செலவில்லாமல் அங்கே பல மாற்றங்களைச் செய்யலாம்.

1. இடது கையால் பாவிக்க: பிரைமரி பட்டன் என்ற இடத்தில் 'ரைட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். இனி வலப்பக்கப் பொத்தான்தான் பிரதான பொத்தான். இடது கையின் ஆட்காட்டி விரல் அதன் மேல் இயல்பாக இருக்கும். தெரிவு செய்த அந்தக் கணமே மாறிவிடும், பயப்பட வேண்டாம்.

2. கை நடுங்கினால்: அம்புக்குறியின் வேகத்தைக் குறையுங்கள். ஓடிப்போகும் அம்புக்குறி கைக்குள் வரும்.

3. இரட்டைக் கிளிக் சரிவராவிட்டால்: மேலதிக மவுஸ் அமைப்புகளுக்குள் இரட்டைக் கிளிக் வேகத்தையும் குறைக்கலாம். அல்லது ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு என்டர் விசையைத் தட்டுங்கள். கோப்புகளைத் திறக்க அதுவே போதும்.

4. பொத்தானை அமத்திக்கொண்டே இழுக்க முடியாவிட்டால்: அதே இடத்தில் கிளிக் லொக் என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால், பொத்தானைச் சற்று நேரம் அமத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம். அமத்தியபடியே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். மீண்டும் ஒரு கிளிக் செய்தால் விட்டுவிடும்.

5. மவுஸையே பிடிக்க முடியாவிட்டால்: இடப்பக்க ஓல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லொக் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அமத்துங்கள். மவுஸ் கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொன்னால், கீபோர்டின் வலப்பக்கத்து எண் விசைகளே மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். 5 கிளிக், கூட்டல் குறி இரட்டைக் கிளிக். மூன்று விசைகளை ஒன்றாக அமத்துவது சிரமம் என்றால் முதல் தடவை மட்டும் யாரிடமாவது உதவி கேளுங்கள். எண் விசைகள் தனியாக இல்லாத சிறிய மடிக்கணினியில் இது வசதிப்படாது.

மவுஸ் வாங்கப் போனால் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு, மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை வையுங்கள். எது முன்பக்கம் என்று கை உடனே சொல்ல வேண்டும். உள்ளங்கை ஆறுதலாகப் படிய வேண்டும். பொத்தான் இலேசாக அமர வேண்டும். இடது கைக்காரர் என்றால் இரண்டு பக்கமும் ஒரே வடிவாக உள்ளதா என்று பாருங்கள். பக்கம் வளைந்த சில மவுஸ்கள் வலது கைக்கு மட்டுமே பொருந்தும். வயரின் நீளத்தையும் பாருங்கள்.

வேலை செய்யும்போது மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்து, முன்கையை மேசையில் தாங்குங்கள். இடையிடையே கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்குங்கள். விரல்களில் விறைப்போ குத்துளைவோ தொடர்ந்து இருந்தால் தைலம் பூசிச் சமாளிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வகுப்பில் "எனக்கு மவுஸை இந்தப் பக்கம் மாற்றித் தாருங்கள்" என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல. 1998இல் விலை கொடுத்து வாங்கியவர்கள் கேட்டதும் அதுதான்: கைக்கு ஏற்றபடி தாருங்கள் என்பது. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கும் சகோதரி கேட்கத் தயங்கினால் அவவுக்காகவும் கேளுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.