உடல் யாருக்குச் சொந்தம்?



நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலைபேசிய செய்தி 2025 ஜூலையில் வெளியாயிற்று. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. "அவன் உடல், அவன் உரிமை, விற்றால் மற்றவர்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவருடைய சம்மதமின்றி அவர் உறுப்பை எடுக்கலாகாது என்பதே திருச்சபையின் போதனையும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 ஆகஸ்ட் 29 அன்று உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் பேசியபோது, உறுப்புக் கொடையை அன்பின் செயலாகப் பாராட்டினார். மனித உறுப்பை வணிகப் பொருளாக்குவதைக் கண்டித்தார். கொடுப்பவர் அனைத்தையும் அறிந்து சுதந்திரமாகச் சம்மதிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

அந்தச் சுதந்திரம் எங்கே இருக்கிறது? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். விற்றபின் குடும்ப வருமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நான்கில் மூன்று பேருக்குக் கடனும் தீரவில்லை. உடலும் போயிற்று, கடனும் நின்றது! தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம், கந்துவட்டி, மகளின் திருமணச் செலவு என்று கழுத்தை நெரிக்கும்போது போடும் கையெழுத்தை உரிமை என்று யார் சொல்வது? அங்கே உடல் கடன் கொடுத்தவனுக்குத்தான் சொந்தமாகிறது.

1994-ம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடை செய்கிறது. ஆனால் உறவினர் அல்லாதவரும், அன்பின் காரணமாகத் தருவதாகச் சொன்னால், அனுமதிக் குழுவின் ஒப்புதலோடு கொடுக்கலாம். தரகர்கள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். முன்பின் அறியாதவர் நெருங்கிய நண்பராகிவிடுகிறார். அன்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

உடல் நமக்குச் சொந்தமல்ல, விலை கொடுத்து மீட்கப்பட்டது என்று கொரிந்தியருக்குப் புனித பவுல் எழுதியதை வழக்கமாகக் கற்பொழுக்கம் பற்றிய மறையுரைகளில்தான் கேட்கிறோம். கந்துவட்டிக்காரரும் அதைக் கேட்க வேண்டும். நம் அன்பியங்களில் யார் யார் அவர்களிடம் சிக்கியிருக்கிறார்கள் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியாததல்ல. வின்சென்ட் தே பால் சபையினர் அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. பணம் வாங்கிக்கொண்டு உறுப்பு தருவதும் இச்சட்டப்படி குற்றம். அதனால் ஏமாந்தவர்கள் காவல்துறைக்குப் போக அஞ்சுகிறார்கள். அப்படி யாராவது பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினால், முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏழைகளுக்கும் பெண்களுக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.