பிப்ரவரி 11: என் நோட்டில் பென்சிலால் எழுதிய வரி

காலையில் எழுந்து போனைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது 'வரலாற்றில் இன்று'. எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் ஒருவர் தவறாமல் போடுவார். பிப்ரவரி 11 என்றால் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். 1847இல் தாமஸ் ஆல்வா எடிசன் பிறந்தார். 1929இல் வாடிகன் தனி நாடாவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. 1979இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்து புரட்சி வென்றது. 1990இல் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 2011இல் எகிப்து அதிபர் முபாரக் பதவி விலகினார்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் சேலம் இருக்காது. அதைப் பற்றித்தான் இன்று சொல்ல வேண்டும்.

நான் வேலையில் இருந்தபோது காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு என்று நீளவாக்கில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். நாளுக்கு ஒரு பக்கம். செய்தித்தாள், நாட்காட்டித் தாள், நூலகப் புத்தகம் என்று எங்கு தேதி கண்டாலும் குறித்துக்கொள்வேன். திருக்குறள், செய்தி, அதன்பின் 'இன்றைய நாள்'. பிள்ளைகள் வெயிலில் நெளிந்தாலும் நான் விடமாட்டேன். ராசிபுரம் பக்கத்துப் பள்ளி அது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. எங்களுக்கெல்லாம் சேலம் மாவட்டம்தான்.

1991ஆம் வருடம் பிப்ரவரி 11 திங்கட்கிழமை. முந்தின வருடம்தான் மண்டேலா வெளியே வந்திருந்தார். 27 ஆண்டுச் சிறை, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த காட்சி, எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் உருக்கமாகச் சொன்னேன். எனக்கே தொண்டை கட்டிவிட்டது.

கூட்டம் முடிந்து பள்ளிக்கு எதிரே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாணவன் ஒருவனின் தாத்தா. இளவயதில் சேலத்தில் தறி நெய்தவர்.

"ஏனுங்க வாத்தியாரே, அந்த ஆப்பிரிக்காக்காரர் கதை நல்லாச் சொன்னீங்க. இதே நாளு நம்ம சேலத்து ஜெயில்ல இருபத்திரண்டு பேரைச் சுட்டாங்களே, அது உங்க நோட்டுல இருக்குதுங்களா?"

இல்லை. நோட்டில் மட்டுமல்ல, என் தலையிலும் இல்லை. சேலத்தில் கல்லூரியில் படித்தவன் நான். அஸ்தம்பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சிறையின் மதிற்சுவரைப் பார்த்திருக்கிறேன். வரலாற்றுப் பாடத்தில் பிரான்சின் பாஸ்டில் சிறையை மக்கள் உடைத்த தேதியைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். தினமும் பார்த்த மதிலுக்குள் நடந்தது தெரியாது.

பெரியவர் சொன்னது உண்மைதான். 1950 பிப்ரவரி 11, சனிக்கிழமை. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்த விவசாயிகள், தொழிலாளிகள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்ததால் அவர்களைச் சேலத்துக்குக் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். முதலமைச்சர் குமாரசாமி ராஜா. கைதிகள் கேட்டது, எங்களைத் திருடர், கொலைகாரரோடு சேர்த்து நடத்தாதீர்கள், அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்பது.

இந்தத் தேதியை இன்னொரு தேதியோடு வைத்துப் பாருங்கள். நாம் குடியரசானது 1950 ஜனவரி 26. அதற்குப் பதினாறாம் நாள் இது. உயிருக்கும் உடலுரிமைக்கும் உறுதி தந்த அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அவர்கள் கேட்டதும் புதிய கோரிக்கை அல்ல. 1929இல் லாகூர் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து உயிர்விட்டது இதே கோரிக்கைக்காகத்தான். நம் தலைவர்கள் பலரும் வெள்ளைக்காரன் சிறையில் இருந்தவர்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரான ராஜாஜியே வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதியவர். சிறைக்குள் ஒரு மனிதனின் மரியாதை என்ன என்று தெரிந்த தலைமுறை ஆட்சிக்கு வந்த பிறகுதான் சேலத்தில் இது நடந்தது. எனக்கு நெஞ்சில் தைப்பது அதுதான்.

மண்டேலா கதையிலும் இதே விஷயம் உண்டு. ராபன் தீவில் ஆப்பிரிக்கக் கைதிகளுக்கு அரைக்கால் சட்டைதான். அவரோடு தண்டனை பெற்ற இந்திய வம்சாவளி அகமது கத்ரடாவுக்கு முழுக்கால் சட்டை. அந்த வேற்றுமையை எதிர்த்து அவர்கள் சிறைக்குள் போராடினார்கள். அதைப் படித்தால் நமக்குக் கண் கலங்குகிறது. சேலத்தில் அதே போன்ற மரியாதையைக் கேட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

"சார், அவங்க ஆயுதப் புரட்சி பேசின கட்சிக்காரங்க. அதையும் சொல்லணும்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். சொல்வோம். 1948இல் அந்தக் கட்சி எடுத்த பாதை அப்படிப்பட்டதுதான். பின்னால் அந்தக் கட்சியே அதைக் கைவிட்டது. நான் எந்தக் கட்சியிலும் இருந்தவன் அல்ல, அவர்கள் கொள்கைக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஆனால் ஒருவன் வெளியில் என்ன செய்தான் என்பது வேறு வழக்கு. பூட்டிய கதவுக்குள் வந்துவிட்டால் அவன் உயிருக்கு அரசாங்கம்தான் பொறுப்பு. பள்ளிக்கூட வாசலுக்குள் வந்த பிள்ளை, அது எவ்வளவு முரட்டுப் பிள்ளையானாலும், சாயங்காலம் மணி அடிக்கும்வரை வாத்தியார் பொறுப்பு இல்லையா? அதுபோலத்தான்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

பெரியவர் சொன்ன அன்று மாலையே நோட்டை எடுத்தேன். எடிசன், ஈரான், மண்டேலா எல்லாம் நீல மையில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, '1950, சேலம் சிறை, 22 பேர்' என்று எழுதினேன். பென்சிலால். விசாரித்து உறுதி செய்துகொண்டு மையில் எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில மாதங்களில் உறுதியும் ஆகிவிட்டது. ஆனால் அடுத்த பிப்ரவரி 11 வந்தபோது அந்த வரியை வாசிக்கவில்லை. 'எதற்கு அரசியல்' என்று யாராவது கேட்பார்களோ என்ற பயம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானேதான் தாண்டிப் போனேன். ஓய்வு பெறும்வரை வந்த ஒவ்வொரு பிப்ரவரியும் அப்படித்தான். ஈரான் புரட்சியை வாசிக்கும்போது அரசியலாகத் தோன்றவில்லை. எட்டாத தூரத்தில் நடந்தால் அது பொது அறிவு, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் நடந்தால் அரசியல். நம் பட்டியல்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் தயாராகின்றன.

ஒன்றிரண்டு முறை அந்தப் பெரியவர் டீக்கடையில் இருந்தார். ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் அவர் பக்கம் பார்க்காமல் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது அவர் இல்லை.

அதனால் பள்ளியில் இன்று வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எடிசனை எடுக்க வேண்டாம், மண்டேலாவையும் எடுக்க வேண்டாம். அவர்களுக்குப் பக்கத்தில் நம் ஊரையும் உட்கார வையுங்கள். ஆகஸ்ட் 27 வந்தால் 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்ததைச் சொல்கிறோம். 1944இல் அதே நாளில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானதையும் சொல்வோம். ஆகஸ்ட் 21இல் 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை திறந்ததைச் சொல்வோம். அக்டோபர் 19இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரைச் சொல்வோம். இவை சொல்ல எளிதானவை, பெருமையானவை. பிப்ரவரி 11 சொல்லக் கஷ்டமானது. அதனால்தான் அதை ஒரு பெரியவர் வாத்தியாருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

இந்த வருடம் குழுவில் வழக்கம்போல் பட்டியல் வந்தது. கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: '1950: சேலம் மத்திய சிறைத் துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் பலி.' கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர், "நம்ம சேலத்துலயா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, நம்ம சேலத்துலதான்" என்று எழுதினேன். பிறகு அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதி வைத்தேன்.