புதிய கேமராவா, நல்ல லென்ஸா?

கைப்பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்னும் நிலையில் புதிய கேமரா உடலை வாங்குவதா, நல்ல லென்ஸை வாங்குவதா? ஒளிப்பட நாட்டமுள்ள நண்பர்கள் கூடுமிடமெல்லாம் எழும் கேள்வி இது. விளம்பரங்கள் கேமராவின் பக்கம் நிற்கின்றன. நாம் லென்ஸின் பக்கம்.

திருநீர்மலையையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் நீர்வண்ணர் கோயிலும் திருக்குளமும்; மலைமேல் அரங்கநாதர். திருமங்கையாழ்வார் பாடிய இத்தலம் 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. இங்கே படமெடுக்க உகந்த பொழுது அந்தி. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸ், 50 மி.மீ. நிலையில் பெரும்பாலும் 5.6 அளவிற்குத்தான் திறக்கும். 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸோ ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். 1/15 நொடியில் கலங்கிப்போகும் படியேறும் மூதாட்டியின் உருவம், அதே ஒளியில் 1/125 நொடியில் நிலைபெறும். உடலை மட்டும் மாற்றி இத்தகைய ஆதாயத்தை ஒரே தாவலில் பெறுவது அரிது.

இலக்கிய வாசகர்களுக்கு அணுக்கமான சான்று ஒன்றுண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையை எழுதியவர். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் பதிந்தவர். அவர் பயன்படுத்திய கருவி, ஒரு நிறுவனத்தின் உடலையும் வேறொன்றின் தொலைநோக்கு லென்ஸையும் தாமே பொருத்திக்கொண்ட கனத்த கூட்டுப்பொருள். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் இட்டிருந்தார். யானையை நெருங்க அவருக்கு வேண்டியிருந்தவை லென்ஸும் பொறுமையும். புத்தம் புதிய உடலன்று.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. கேனான், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் 2018இல் முழுச்சட்டக மிரர்லெஸ் கேமராக்களுக்கெனப் புதிய பொருத்துவாய்களைக் கொணர்ந்தன. பழைய லென்ஸ்களை இணைப்பு வளையத்தால் மாட்டலாம்; ஆயினும் உள்ளே மோட்டார் இல்லாத நிக்கான் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் வளையத்தில் தாமாகக் குவியமாட்டா. ஆகவே வாங்கும் லென்ஸ் நாளைய உடலுக்கும் பொருந்துமா என்று பார்த்தே வாங்கவேண்டும். ஷட்டர் தேய்ந்துவிட்டாலோ, பறக்கும் கொக்கைக் குவியம் பின்தொடர இயலாவிட்டாலோ, உடலை மாற்றுவதே முறை.

தீர்வு நம் பழைய படங்களிலேயே உள்ளது. சென்ற ஓராண்டில் பாழான படங்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒளி போதாமலும் எட்டாமலும் கெட்டவை மிகுதியெனில் லென்ஸ்; குவியம் தவறியவை மிகுதியெனில் உடல். மாதச் சம்பளக்காரர்களான நம்மில் பலருக்கு இத்தகைய செலவு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அடுத்த மாடல் மலிவாகும்வரை நாம் காத்திருக்கலாம். மலையடிவாரத்தின் ஓட்டு வீடுகள் அதுவரை காத்திரா.