கை, வகை, உவகை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் பேருந்து ஊர்ந்துதான் போகும். இந்த வாரம் அந்த நெரிசலுக்கு நன்றி சொல்கிறேன். எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் சன்னல் வழியே கார் எண் பலகைகளைப் பார்த்து விளையாடிக்கொண்டு வந்தார்கள். இங்கே சொந்தக் கார்களின் எண் 'எஸ்' எழுத்தில் தொடங்கும் அல்லவா? பலகையின் முதல் மூன்று எழுத்துகளும் அடங்கிய ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத்துகள் முன்பின்னாக வரலாம். நீளமான சொல்லுக்கே வெற்றி. 'எஸ், எல், பி' என்று ஒரு வெள்ளைக் கார் வந்தது. தம்பி 'சிம்பிள்' என்றான். அக்கா சற்று யோசித்து 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்றாள். 14 எழுத்து!

இப்படித் தொடங்குகிற பிள்ளைகள்தாம் பிறகு ஸ்கிராபிள் பலகைக்கு முன்னால் உட்காருகிறார்கள். ஏழு எழுத்தைக் கையில் வாங்கியதும் அகரவரிசையில் அடுக்கி, அந்த வரிசைக்குள் ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்ணால் பிடிக்கும் பழக்கம் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு உண்டு. 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். பெயரைப் பார்த்ததுமே நமக்கு ஒரு பெருமை வரத்தான் செய்கிறது. பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம். 'அன்காப்பிரைட்டபிள்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துகூட இரண்டாம் முறை வராமல் சரியாக 15 எழுத்து. இந்த ஆட்டத்தைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம். ஆனால் அந்தப் பெண் சொன்ன ஒரு பதில் என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

"இதையே தமிழ்ல ஆடலாமே, பாப்பா" என்றேன்.

"தமிழ்ல எழுத்து ரொம்ப ஜாஸ்தி, அங்கிள். விளையாட முடியாது."

முடியும். 247 என்று எண்ணி மலைக்க வேண்டாம். 18 மெய், 12 உயிர், ஓர் ஆய்தம், அவ்வளவுதான் மூலதனம். மெய்களை மட்டும் கொடுத்து, உயிர் எது வேண்டுமானாலும் ஏறலாம் என்று விதி வையுங்கள். க், ல், ம் மூன்றையும் கொடுத்தால் காலம், கோலம், முகில், மேகலை எல்லாம் உடனே வரும். வேறு மெய் கலக்கக் கூடாது என்றால் கோலாகலம் வரை போகலாம், மாலைக்காலம் என்று ஆறெழுத்தும் தொடலாம். கலக்கலாம் என்றால் கோலாலம்பூரே வந்து நிற்கும். அதையும் தாண்டிக் கலைக்களஞ்சியம், ஒன்பது எழுத்து.

இந்த இடத்தில் நான் யாரைக் கூப்பிடுவேன் என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். சதாசிவ பண்டிதரைத்தான். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவர். நம் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களில் இன்று தெரியவரும் மிகப் பழையவற்றுள் இரண்டு அவருடையவை: 'சிங்கை நகரந்தாதி', 'சித்திரகவிகள்'. இரண்டும் 1887இல் வந்தவை. மகதூம் சாயபு 'சிங்கைநேசன்' வார இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அந்தாதி, டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த கோவிலின் முருகனைப் பாடுவது. அந்தாதியைப் பற்றிப் பேசுவோர் உண்டு. சித்திரகவிகள் என்றதும் "அது வெறும் வித்தை" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இது எனக்குப் பல ஆண்டுக் கோபம்.

வித்தைதான். எப்பேர்ப்பட்ட வித்தை! தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் பிரித்துப் பாருங்கள். எழுத்துவருத்தனம் என்று ஒன்று: எழுத்தைக் கூட்டக் கூட்டப் புதுச் சொல் பிறக்க வேண்டும். கை என்று தொடங்குங்கள், முன்னால் ஓர் எழுத்து வைத்தால் வகை, இன்னும் ஒன்று வைத்தால் உவகை. எழுத்தைக் களைந்துகொண்டே வந்தால் அதற்குப் பெயர் அக்கரச்சுதகம். உதடு ஒட்டாத எழுத்துகளாலேயே பாடினால் நிரோட்டம். பின்னிருந்து படித்தாலும் அதே பாட்டு வந்தால் மாலைமாற்று. சீகாழிக்கு ஞானசம்பந்தர் 11 பாடல்கள் அப்படியே பாடி வைத்திருக்கிறார். நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் இரண்டு பாம்புகளின் உடலில் இரண்டு வெண்பாக்கள் ஓடும். உடல்கள் வெட்டிக்கொள்ளும் கட்டங்களில் உள்ள எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொருந்த வேண்டும். குறுக்கெழுத்துப் புதிரும் ஸ்கிராபிளும் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மவர்கள் குறுக்கும் நெடுக்குமாக எழுத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

கவிதையாக எடுத்தால் சித்திரகவிகளில் பல உயிரில்லாதவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் புரட்டித் தேட வைப்பதில் அவற்றுக்கு ஈடு இல்லை. ஒரே ஓர் எழுத்துக்காக நூறு சொல்லை எடுத்துப் பார்த்துக் கீழே போட வேண்டியிருக்கும். அந்த நூறும் மனத்தில் தங்கிவிடும். நம் பிள்ளைகள் தமிழை வீட்டுப்பாடத்திலும் தேர்விலும் மட்டுமே சந்திக்கிறார்கள். ஆங்கிலம் அவர்களோடு பேருந்தில் ஏறி விளையாட வருகிறது. தமிழை அப்படி வர விடாமல் நிறுத்தி வைத்திருப்பது நாம்தான், எழுத்துகளின் எண்ணிக்கை இல்லை.

ஒவ்வோர் ஏப்ரலிலும் வளர்தமிழ் இயக்கம் தமிழ்மொழி விழா நடத்துகிறது. பேச்சும் கவிதையும் நாடகமும் நிறைய உண்டு. விழாவில் நிகழ்ச்சி நடத்தும் அமைப்புகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த ஏப்ரலில் எழுத்தாட்டத்துக்கும் சில மேசைகள் போடுங்கள். மெய்யெழுத்து அட்டைகள், ஒரு நல்ல அகராதி, மணல் கடிகாரம் போதும். மேடை வேண்டாம், தலைமையுரை வேண்டவே வேண்டாம்.

வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரத்துக்கு ச், ர், ப் மூன்றையும் தருகிறேன். மூன்றும் அடங்கிய மிக நீளமான தமிழ்ச் சொல்லை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடி எழுதி அனுப்புங்கள். சிங்கப்பூர் செல்லாது.