மறதி ஆராய்ச்சியில் ஓர் உத்தியோகம்

முதியவர் ஒருவர் காலையில் உண்டதை மறந்து, அறுபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை நேற்று நிகழ்ந்தது போலப் பேசத் தொடங்கினால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி அதற்கு மேல் ஒன்றும் ஆராயாது விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். நரையும் திரையும் போல மறதியும் மூப்பின் ஒரு கூறு என்றே நெடுங்காலம் எண்ணி வந்தோம். வைத்திய சாஸ்திரம் இன்று அவ்வாறு எண்ணுவதில்லை. டிமென்சியா என்பது மூளையைப் பற்றும் நோய்களின் விளைவு என்றும், அந்நோய்களிற் பல வெளியே தெரிவதற்கு ஆண்டுகள் பலவற்றுக்கு முன்பே உள்ளே வேரூன்றிவிடுகின்றன என்றும் அது கூறுகின்றது. 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகை அமைத்த நிபுணர் குழு, செவிப்புலன் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை முதலிய 14 காரணிகளை 2024ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டி, அவற்றை அறவே நீக்க முடியுமாயின் டிமென்சியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ பின்போடவோ இயலும் என மதிப்பிட்டது.

ஆனால் மதிப்பீடு வேறு, நிரூபணம் வேறு. நிரூபிப்பதற்கு, நோயில்லாத முதியோர் பலரைத் திரட்டி, இரு பிரிவாக்கி, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர வேண்டும். அத்தகைய ஆராய்ச்சிகள் முடிவுற்றதும் பேராசிரியர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வெளிவரும். நாம் இவ்வாரம் எழுத விரும்புவது, பெயர் வெளிவராத வேறொருவரைப் பற்றி. 'கிளினிக்கல் றிசேர்ச் கோடினேற்றர்' என்பது அவரது பதவி. மருத்துவ ஆய்வு இணைப்பாளர் என்று நாம் அழைக்கலாம்.

பின்லாந்து தேசத்தில் நடந்த 'பிங்கர்' ஆய்வைப் பார்ப்போம். பேராசிரியை மீயா கிவிப்பெல்ட்டோவின் தலைமையில், 2009ஆம் ஆண்டுக்கும் 2011ஆம் ஆண்டுக்கும் இடையில், 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உணவு முறை, தேகப்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே அளிக்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்குப் பொதுவான சுகாதார ஆலோசனை மாத்திரமே. ஈராண்டு முடிவில், எஞ்சியிருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் வியப்பாயிருக்கின்றது. விலகியவர்கள் 153 பேரே, அஃதாவது நூற்றுக்குப் பன்னிருவர். டிமென்சியா இல்லாத, வீட்டில் ஆயிரம் வேலையுள்ள மனிதர்கள் ஈராண்டு விடாது வந்தார்கள் என்றால், அவர்களை வரவேற்று, தவணை குறித்து, வராத நாளில் விசாரித்து, வந்த நாளில் மனங்கோணாமல் அனுப்பி வைத்தவர்கள் இருந்தார்கள் என்பதே பொருள். ஒவ்வோர் ஆய்வு நிலையத்திலும் இணைப்பாளரின் முதற் கடமை இது.

இரண்டாவது கடமை இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். அதுவே எம்மைச் சிந்திக்க வைத்தது.

ஞாபகசக்தியை அளவிடும் சோதனைகளுள் ஒன்று மிக எளிது. பத்துச் சொற்களை முதியவருக்குக் காட்டி அல்லது வாசித்துச் சொல்வார்கள். பின்னர் வேறு காரியங்களில் அவரை ஈடுபடுத்திவிட்டு, சற்று நேரம் கழித்து அச்சொற்களைக் கூறுமாறு கேட்பார்கள். ஆறு சொற்கள் வந்துவிடும். ஏழாவது சொல் நாவின் நுனியில் நிற்கும். தகப்பன் வயதுடைய ஒருவர், ஒரு காலத்தில் பெரிய பாடசாலை ஒன்றை நடத்தியவராகக்கூட இருக்கலாம், சோதிப்பவரின் முகத்தைப் பார்த்து, "முதலெழுத்தையாவது சொல்ல மாட்டாயா?" என்று கெஞ்சும் தோற்றத்தில் இருப்பார். பெரியோர் தடுமாறும்போது ஓடிச்சென்று கைகொடுக்கப் பழகிய எவருக்கும் அந்த வேளையில் உதடு அசையாதிருத்தல் எளிதன்று. தலையசைத்தலும் கூடாது; புருவம் உயர்த்தலும் கூடாது. கருணையினால் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால், அம்முதியவருக்கு ஒரு நிமிஷ ஆறுதல் கிடைக்கும். அவரைப் போன்ற 1,260 பேர் ஈராண்டு நடந்த நடையோ பழுதுபட்டுவிடும்.

இத்தகைய சோதனையை இணைப்பாளரே நடத்தும் நிலையங்களும் உண்டு. உளவியலாளர் நடத்துவதும் உண்டு. யார் நடத்தினாலும், தம் முன்னே இருப்பவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அவருக்குத் தெரியலாகாது. தெரிந்தால், பயிற்சி பெற்றவர் நன்றாகச் செய்வார் என்ற எதிர்பார்ப்பு, அவர் அறியாமலே புள்ளிகளிற் புகுந்துவிடும். இதன் பொருட்டே பின்லாந்தில், சோதனை வேளையில் தங்கள் பயிற்சிகளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முதியோரைக் கேட்டுக்கொண்டார்கள். பேசுவதற்கு ஆசையுள்ளவர்களைப் பேசாதிருக்கச் செய்வதும் ஒரு சாமர்த்தியமே.

எழுத்து வேலையிலும் இதே கண்டிப்புத்தான். ஓர் எண்ணைப் பிழையாக எழுதிவிட்டால் அதனை அழிக்கவோ வெள்ளை மை பூசி மறைக்கவோ கூடாது. பழைய எண் வாசிக்கத்தக்கதாக ஒரே கோட்டினால் வெட்டி, சரியானதை அருகில் எழுதி, சுருக்கக் கையொப்பமும் திகதியும் இடவேண்டும். கணினியிற் பதியும் இக்காலத்திலும், மாற்றியவர் யார், எப்பொழுது மாற்றினார் என்பதைக் கணினி விடாது காத்து வைக்கின்றது. பரீட்சைத் தாளில் அழித்தழித்து எழுதும் எம் மாணவர்கள் இம்முறையை ஒரு தரம் பழகிப் பார்க்கலாம்.

பிங்கர் ஆய்வின் பெறுபேறு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரு பிரிவினருமே முன்னிலும் நன்றாகச் செய்திருந்தனர். ஒரே வகைச் சோதனையை மீண்டும் செய்யும்போது பழக்கத்தினாலும் புள்ளி கூடும். மற்றப் பிரிவு என ஒன்று இல்லாதிருந்தால் அவ்வளவையும் பயிற்சியின் பலன் என்று கொண்டாடியிருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது, நான்கு வகைப் பயிற்சி பெற்றவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைக் காட்டிலும் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. தசையிலும் மூட்டிலும் நோவு கண்டவர்கள் அப்பிரிவில் 32 பேர். மற்றப் பிரிவில் ஒருவருமில்லை. அந்த நோவுகளும் ஒன்று விடாமல் பதியப்பட்டன. நல்லதை மாத்திரம் எழுதும் ஏட்டை நம்புவார் யார்?

ஈராண்டில் அளந்தது சிந்தனைத் திறனையே. டிமென்சியா தடுக்கப்பட்டது என்று அதனால் நிறுவப்படவில்லை. அமெரிக்காவில் 2,111 பேரைக் கொண்டு நடந்து 2025 ஜூலையில் முடிவு வெளியான 'பொயின்ரர்' ஆய்வுக்கும் இது பொருந்தும். அங்கும் இரு பிரிவினரும் முன்னேறினர். ஒழுங்கான கூட்டங்களுடன் வழிநடத்தப்பட்டவர்கள் சற்றுக் கூடுதலாக முன்னேறினர்.

மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளில் இணைப்பாளரின் பாரம் இன்னும் பெரிது. 'ஏ-நான்கு' என்னும் ஆய்வில், 65 முதல் 85 வயது வரையுள்ள, மறதி எதுவும் தென்படாத முதியோரின் மூளையைப் படம் பிடித்து, அமிலோயிட் என்னும் புரதம் படிந்துள்ளதா என்று பார்த்தார்கள். படிவு உள்ளவர்களே மருந்துச் சோதனையிற் சேரலாம். ஆகவே சேர விரும்பிய ஒவ்வொருவரும், தம் மூளையில் அது உண்டா இல்லையா என்பதை அறிந்தே தீரவேண்டும். உண்டு என்றால் நோய் வரும் வாய்ப்பு அதிகம், நிச்சயம் என்பதில்லை. ஆரோக்கியமாக வந்த ஒருவர் இச்செய்தியைச் சுமந்து வீடு திரும்பும்போது, அவருக்கு மனக்கலக்கம் உண்டா, உறக்கம் வருகின்றதா என்று பின்னரும் விசாரிப்பது ஆய்வின் ஒரு பகுதியாகவே விதிக்கப்பட்டிருந்தது. 1,169 பேர் சேர்ந்தனர். நான்கு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக மருந்தோ, மருந்து போன்ற வெறும் திரவமோ 240 வாரங்கள் ஏற்றுவது திட்டம். அறுபது தடவை வந்து கை நீட்டியவர்களுக்கு 2023ஆம் ஆண்டில் கிடைத்த விடை, அம்மருந்தாகிய சொலனெசுமாப் மறதியின் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதே.

அவர்கள் வந்தது வீணா என்று கேட்பவர்கள் உளர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. பலிக்காத மருந்து என்று தெரியாமலே அதனை இலட்சக்கணக்கானோர் ஏற்றிக்கொண்டிருப்பதே வீண்.

எவரும் எந்நேரமும், காரணம் கூறாமலே, இத்தகைய ஆய்விலிருந்து விலகலாம். 1964ஆம் ஆண்டில் பின்லாந்தின் தலைநகரில் உலக வைத்திய சங்கம் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் காக்கும் உரிமைகளுள் இது முக்கியமானது. சம்மதப் பத்திரத்தை வாசித்து விளக்கும் இணைப்பாளர், "வைத்தியர் ஐயா சொன்னால் சரிதான், எங்கே ஒப்பம் வைப்பது?" என்று பேனாவை எடுப்பவரிடம் உடனே தாளை நீட்டிவிடலாகாது. அவர் விளங்கிக்கொண்டதைத் தம் வாயாற் சொல்லக் கேட்க வேண்டும். விலக விரும்புவோரை வற்புறுத்தவும் கூடாது. தாம் பாடுபட்டுச் சேர்த்த ஒருவர் இருபதாம் மாதத்தில் "இனி வரமாட்டேன்" என்கையில், "நல்லது ஐயா, இவ்வளவு காலம் வந்தீர்களே" என்று சொல்லும் மனம் இப்பதவிக்கு வேண்டும்.

இந்த உத்தியோகத்துக்கு வைத்தியப் பட்டம் வேண்டுமென்பதில்லை. தாதியர், உளவியல் பயின்றோர், உயிரியற் பட்டதாரிகள் பலர் பிற தேசங்களில் இதனைச் செய்கின்றனர். நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை என்னும் சர்வதேச விதிகளிற் பயிற்சி பெறுதல் வேண்டும். வைத்தியபீடத்துக்குச் சில புள்ளிகள் போதாமற் போனதால் வாழ்வே போயிற்று என்று மூலையில் உட்காரும் பிள்ளைகளின் பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவருக்கு மறதி தொடங்கிவிடக்கூடும். இரண்டு வருஷமாகத் தனியே வந்தவர் ஒரு நாள் வாசலில் நின்று, வழக்கமான அறை எந்தப் பக்கம் என்று கேட்பார். அந்த மாற்றத்தைக் குடும்பத்தாருக்கும் முன்பாக இணைப்பாளர் கண்டுவிடுவதுண்டு. நோய் இதுவென்று தீர்ப்புக் கூறுவது அவர் வேலையன்று. அவரை அறைக்கு அழைத்துச் சென்று அமரச் செய்து, கண்டதைக் கண்டபடி எழுதி, அன்றைக்கே ஆய்வுப் பொறுப்பு வைத்தியரிடம் அறிவித்துவிட்டு, அந்தப் பத்துச் சொற்களையும் வழக்கம்போல் வாசிக்கத் தொடங்குவார்.