எடைக்கு விற்கலாகாத மேஜைகள்

ஆண்டுதோறும் கலாசாலைகளிலும் ஆலை அலுவலகங்களிலும் இருப்புச் சரிபார்ப்பு என்னும் வேலை நடைபெறுவதை யாவரும் அறிவர். பதிவேட்டைக் கையில் ஏந்திய எழுத்தர் ஒருவர் அறை அறையாகச் சென்று எண்களை ஒத்துப் பார்ப்பார். பயனற்றவை எனக் கழிக்கப்பட்ட பொருள்கள் ஒரு மூலையில் குவிக்கப்படும். கால் முறிந்த நாற்காலிகளோடும் ஓய்ந்துபோன மின்விசிறிகளோடும் பழைய எஃகு மேஜைகளும் அக்குவியலிற் சேரும். பின்னர்த் தராசு வரும். கிலோ ஒன்றுக்கு இன்ன விலை என்று பேசி முடிக்கப்படும். காயலான் கடை வண்டி அவற்றை ஏற்றிச் செல்லும். இதனைச் சிக்கனம் என்று கருதுவோர் பலர். நாம் அங்ஙனம் கருதவில்லை. எஃகு மேஜை ஒன்றை எடைக்கு விற்பதென்பது, நூலகத்துப் புத்தகத்தைக் காகித விலைக்கு விற்பதை ஒக்கும் என்பதே நம் கருத்து. இன்ன மேஜை என்று அறிந்தபின் விற்பது வேறு. அறியாமலே விற்பது வேறு. அறிந்தவர் பெரும்பாலும் விற்கமாட்டார் என்றும் நாம் நம்புகின்றோம்.

எஃகு மேஜை அழகு கருதித் தோன்றியதன்று. அச்சம் கருதித் தோன்றியது. அமெரிக்க நாட்டு நகரங்களில் உயர்ந்த மாளிகைகள் எழுந்த காலத்தில், மர மேஜைகளும் காகிதக் கட்டுகளும் நெருப்புக்கு இரையாகும் என்னும் கவலை அலுவலகங்களைப் பற்றிக்கொண்டது. பஃபலோ நகரில் 1906ஆம் ஆண்டில் முடிவுற்ற லார்க்கின் கட்டடத்துக்கு, சிற்பியாகிய ஃபிராங்க் லாயிட் ரைட் எஃகினாலேயே மேஜைகளையும் நாற்காலிகளையும் வகுத்தார். கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, பிற்காலத்தில் ஸ்டீல்கேஸ் எனப் பெயர் பெற்ற நிறுவனம், தீப்பற்றாமையையே தன் மேஜைகளின் முதற் சிறப்பாகக் கூறி விற்றது. நம் நாட்டில் தீயோடு கறையானும் சேர்ந்துகொண்டது. மழைக்காலத்தில் உப்பி இழுப்பறை திறவாத மர மேஜையும், ஓரிரவில் கணக்குப் புத்தகத்தை அரித்துவிடும் கறையானும் நம் முன்னோர்க்குப் பழகிய துன்பங்கள். பம்பாயில் 1897ஆம் ஆண்டில் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ் 1902இல் இரும்புப் பெட்டியும், அவர்தம் நிறுவனம் 1923இல் எஃகு அலமாரியும் செய்து அளித்ததற்குத் திருட்டும் தீயும் கறையானும் தந்த அச்சமே நல்ல சந்தையாயிற்று. ஹைதராபாத்தில் 1942ஆம் ஆண்டில் எழுந்த ஆல்வின் தொழிற்சாலையும் எஃகுத் தளவாடங்கள் செய்தது. போர்க்காலத்திலும் அதன்பின் சில ஆண்டுகளும் எஃகுத் தகடு கட்டுப்பாட்டுப் பொருளாக இருந்தது. 1959ஆம் ஆண்டில் ரூர்க்கேலாவில் தகட்டுக்கென்றே வகுக்கப்பட்ட உருக்காலை தொடங்கிய பின்னரே நாட்டில் தகடு பெருகலாயிற்று. அதன் பின்னர், மர மேஜை இருந்த இடங்களில் எஃகு மேஜை வந்து அமர்ந்தது.

கோவை மாநகர்க்கு இவ்வரலாற்றில் தனிப் பங்கு உண்டு. ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் 1888ஆம் ஆண்டில் நூற்பாலை நிறுவினர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைக்கு ஆலை அலுவலகம், அலுவலகத்துக்கு அலுவலகம் மேஜை என்று தேவை வளர்ந்தது. வார்ப்படச் சாலைகளும் பம்பு உற்பத்தியும் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகளும் நிறைந்த ஊராதலின், தகடு வெட்டவும் மடக்கவும் பற்றவைக்கவும் வல்ல கைகளுக்கு இங்குப் பஞ்சமில்லை. பெரிய நிறுவனங்களின் மேஜையைக் கண்டு, அதைப் போன்றதொன்றை உள்ளூர்ப் பட்டறையே செய்து கொடுத்தது. ஆகவே, நம் வட்டாரத்துப் பழைய மேஜைகளிற் பல பெயரில்லாதவை. பெயரில்லாதவை என்பதனால் பெருமையில்லாதவை ஆகிவிடா.

சத்தியமங்கலம் சாலையில் உள்ள சரவணம்பட்டியை எண்ணிப் பாருங்கள். கொங்குநாட்டார் காடு என வழங்கும் புன்செய் நிலங்களுக்கிடையே இருந்த சிற்றூர் அது. 1984ஆம் ஆண்டில் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி அங்கே தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டில் ஊர் மாநகராட்சியோடு இணைந்தது. இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிறைந்து விளங்குகிறது. அம்மாளிகைகளில் இடப்பெறும் மேஜைகளிற் பெரும்பாலானவை மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையால் ஆயவை. தண்ணீர் பட்டால் அவை ஊதிவிடும். ஒருமுறை கழற்றிய திருகு மறுமுறை இறுகப் பிடிக்காது. அலுவலகம் இடம் மாறும்போது அவை உடன் செல்வது அரிது. இவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. விலை குறைவு, எடை குறைவு, விரைவில் கிடைத்தல் என்னும் நன்மைகள் அவற்றுக்கு உண்டு. ஆயினும், அரை நூற்றாண்டு உழைத்தபின்னும் இழுப்பறை ஓடுகின்ற ஒரு மேஜையைக் கழித்துவிட்டு, பத்தாண்டு உழைக்குமோ என்று ஐயுறத்தக்க ஒன்றை அவ்விடத்தில் வைப்பது எங்ஙனம் சிக்கனமாகும்?

பழைய மேஜையின் வயதை அறிவது மந்திரமன்று. கண்ணும் அளவுகோலும் போதும். முதலாவது, பெயர்த்தகடு. மேல் இழுப்பறையின் முகப்பிலோ, உட்புறத்திலோ, பூட்டின் முகத்திலோ செய்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதனருகே உள்ள முகவரி பல செய்திகளைச் சொல்லும். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியது 1969ஆம் ஆண்டு. ஆறிலக்க அஞ்சற் குறியீடு வந்தது 1972ஆம் ஆண்டு. பம்பாய் மும்பை ஆனது 1995, மதராஸ் சென்னை ஆனது 1996. அஞ்சற் குறியீடு பொறித்த தகடு 1972க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. குறியீடு இல்லாமை ஒன்றையே கொண்டு முற்பட்டது என்று துணிவதும் கூடாது. பழைய அச்சைக் கொண்டே பல்லாண்டு தகடு அடித்தோரும் இருந்திருக்கலாம் அன்றோ?

இரண்டாவது, அளவு. நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மேஜையின் நீளம் சரியாக ஐந்து அடியாக, அதாவது 1524 மில்லிமீட்டராக இருந்தால், அடிக்கணக்கில் வகுக்கப்பெற்றதென்று கொள்ளலாம். 1500 மில்லிமீட்டராக இருந்தால் மெட்ரிக் கணக்கிற் பிறந்தது. பழைய வகுப்பைப் பின்பற்றிய பட்டறைகள் அடிக்கணக்கை உடனே விட்டிருக்கமாட்டா. எனவே இதனையும் மற்றச் சான்றுகளோடு சேர்த்தே கொள்ளல் வேண்டும். திருகுகளும் இவ்வாறே, விட்வொர்த் மரையுள்ள திருகு அங்குலக் காலத்தின் எச்சம்.

மூன்றாவது, மேற்பரப்பு. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியின்மீது பரப்பிய லினோலியம் சில மேஜைகளில் ஒட்டப்பட்டிருக்கும், வேறு சிலவற்றில் ரெக்சின், பின்னையவற்றில் சன்மைக்கா. நான்காவது, வண்ணம். உரிந்த இடத்தில் ஓரத்தை உற்றுநோக்கினால், மரத்தின் வளையங்களைப் போல, பச்சையின்கீழ்ச் சாம்பல் நிறம், அதன்கீழ்ச் சிவப்புப் பூச்சு என அடுக்குகள் தெரியும். எத்தனை முறை, எந்நிறத்தில் பூசப்பெற்றது என்பதை அவை கூறும்.

இவையனைத்தினும் மேலான சான்று ஒன்று நம் கையிலேயே உள்ளது. மேஜையின் பக்கத்தில் வெள்ளை வண்ணத்தால் எழுதப்பட்ட எண்ணே அது. அவ்வெண்ணுக்கு நேரே இருப்புப் பதிவேட்டில் வாங்கிய நாள், விலை, விற்றவர் பெயர், வைக்கப்பட்ட அறை ஆகியவை எழுதப்பெற்றிருக்கும். எண் மேஜையிலும், வரி பதிவேட்டிலும் இருக்கும்வரை அம்மேஜைக்கு வரலாறு உண்டு. புது வண்ணம் பூசுவோர் எண்ணை மறைக்கின்றனர். இடமில்லை என்போர் பழைய பதிவேட்டைக் கழிக்கின்றனர். இருவரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்ததாகவே எண்ணுகின்றனர். இடையில் ஒரு நிறுவனத்தின் நினைவு அழிந்துபோகிறது. பெயரில்லாத உள்ளூர்ப் பட்டறையின் மேஜைக்கு இப்பதிவேட்டு வரியையன்றி வேறு பிறப்புச் சான்று இல்லை என்பதை நாம் மறத்தல் கூடாது.

இனி, செப்பனிடும் முறையைச் சிறிது கூறுவோம். எஃகு மேஜையைக் கெடுப்பது உழைப்பன்று, தரை கழுவும் தண்ணீர். நாள்தோறும் பினாயில் கலந்த நீர் அடிப்பாகத்தில் தேங்குவதால், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்குத் துரு ஏறும். மேற்பாகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே முதல் வேலை, இழுப்பறைகளைக் கழற்றி, எது எந்த இடத்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்து, முழுவதையும் சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்துதல். வண்ணத்தில் முக்காற் பங்கு நன்றாக இருப்பின், அதனைச் சுரண்டவே வேண்டாம். மெழுகு தேய்த்தாற் போதும். துரு ஏறிய இடத்தை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, கழுவி, ஈரம் சிறிதுமின்றி உலர்த்தி, அன்றே முதற்பூச்சுப் பூசிவிட வேண்டும். நாட்கடத்தினால் துரு மீண்டும் தோன்றும். நெளிவுகளை நிமிர்த்த மோட்டார்ப் பட்டறைகளில் டிங்கரிங் செய்வோரைவிடத் தக்கவர் இல்லை. உள்ளே தாங்கு கட்டையை வைத்து, வெளியே மெல்லத் தட்டித் தகட்டைப் பழைய நிலைக்குக் கொணரும் அவர்தம் கைத்திறன் மாணவர் கண்டு கற்கத்தக்கது.

ஓர் எச்சரிக்கை இங்கு இன்றியமையாதது. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்புவதும், நெருப்புக் காட்டி உரிப்பதும் ஆகா. நீர் நனைத்த உப்புத்தாளால், முகமூடி அணிந்து, சிறுவர் அணுகாத இடத்தில் செய்தல் வேண்டும். வழித்தெடுத்த சேற்றைத் தோட்டத்திற் கொட்டுதல் கூடாது.

செப்பனிடுதல் என்ற பெயரால் நிகழும் இரு தவறுகளையும் சுட்டுதல் நம் கடமை. வண்ணம் முழுவதையும் உரித்து, வெறும் எஃகை மினுக்கி, தெளிந்த வார்னிஷ் பூசிக் காட்சிக்கு வைத்தல் இக்காலத்து நாகரிகம். அம்மேஜைகளோ வண்ணமின்றி விற்கப்பட்டவை அல்ல. இல்லாத பழமையை உண்டாக்கி, இருந்த பழமையை அழிப்பது இது. மற்றது, நன்றாக உள்ளதையும் சூளையில் இட்டுப் பவுடர் பூச்சு ஏற்றுதல். அப்பூச்சு உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்காக எல்லாப் பூச்சையும் எண்ணையும் நீக்க வேண்டும். 180 பாகை வெப்பத்துக்குக் குறையாத சூளையில் லினோலியமும் ரப்பரும் தாங்கா. வண்ணம் அடியோடு அழிந்த மேஜைக்கே அது தக்கது.

நம்மோடு மாறுபடுவோர் ஒரு வாதம் கூறுவர். கோவையில் இரும்பு வீணாவதில்லை. காயலான் கடைக்குச் சென்றது உலைக்குச் செல்கிறது. நாளை அது பம்பாகவோ இயந்திர உறுப்பாகவோ மீண்டும் வரும் என்பர். வாதம் உண்மையானதே, துளையுற்று மீட்கவியலாத மேஜைக்கு அதுவே நல்ல கதி. ஆயினும் உலை பழைய இரும்பிலிருந்து இரும்பை மட்டுமே மீட்கும். இருபதாம் கேஜ் தகடு ஒரு சதுர மீட்டர் சுமார் 7 கிலோ எடையுள்ளது. ஒரு மேஜையில் அத்தகு சதுர மீட்டர்கள் சிலவே. அவ்வளவு இரும்புக்குக் கிடைக்கும் விலை, அதனை அளந்து, வெட்டி, மடக்கி, பற்றவைத்து, இழுப்பறைகளை ஒன்றோடொன்று உரசாது அமைத்த உழைப்புக்கு ஒரு காசும் தருவதில்லை. உருக்குவதற்கு மின்சாரமும் கரியும் செலவாகும். செப்பனிடுவதற்கு ஒரு தொழிலாளியின் சில நாட் கூலி செலவாகும். உள்ளூர்க் கைகளுக்குச் செல்லும் அக்கூலியை நாம் செலவு என்று எண்ணவில்லை.

ஆகவே கலாசாலை அதிகாரிகளுக்கும் மாணவர்க்கும் நாம் விழைந்து கூறுவது மூன்று. ஒன்று, எம்மேஜையும் தராசு ஏறுமுன் அதன் எண், அளவு, தகடு, பூட்டு, வண்ண அடுக்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து, பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். அப்பதிவேடுகளைக் கழித்தல் கூடாது. இரண்டு, ஆண்டுக்கு ஒரு துறை ஒரு மேஜையேனும், உள்ளூர்த் தொழிலாளி ஒருவரை ஆசிரியராகக் கொண்டு, மாணவர் கையால் செப்பனிடப்பெறல் வேண்டும். பௌதிகமும் இரசாயனமும் வரலாறும் பொருளாதாரமும் கூடும் இடம் அதுபோல் வேறு அரிது. மூன்று, செப்பனிட்ட மேஜையைக் கண்ணாடிக்குள் வைத்து வணங்க வேண்டா. அலுவலகத்தில் இட்டு வேலை வாங்குதல் வேண்டும். பழைய மாணவர்களும் தத்தம் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் மாடிப்படியின்கீழ்க் கிடக்கும் மேஜைகளைத் திருப்பிப் பார்ப்பார்களாக. எண்ணும் எழுத்தும் இன்னும் அழியாதிருக்கும்போதே அவற்றைப் படித்துவிடுவது நலம். அடுத்த இருப்புச் சரிபார்ப்புக்கு முன்பே படித்துவிடுவது மிக நலம்.